மயில்கண் வைத்த கட்டு

ஆஷ்பர்ட்டன், நியூசிலாந்து
ஏப்ரல் 20, 2024

அன்புள்ள தம்பி தணிகைமணிக்கு,

கோமளா அக்கா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி காஞ்சனாவுக்குச் சர்க்கரை இறங்கியதா, இல்லை இன்னும் உனக்குத் தெரியாமல் மைசூர்பாகு தின்றுகொண்டுதான் இருக்கிறாளா? அவளிடம் நான் கேட்டதாகச் சொல்லாதே.

போனில் கூப்பிட்டால் உன் காவடிக் கடையில் நாலு பேர் நடுவில் பேசுகிறார்கள். நலம், நலம் என்று சொல்லி வைத்துவிடுகிறோம். கடிதத்தில்தான் நீ என்னோடு மட்டும் பேசுகிறாய். அதனால் சோம்பேறித்தனம் பார்க்காமல் பதில் போடு.

என் வீட்டுக்காரர், உன் பாவா, இறகு கேட்கிறார். மயிலிறகு இல்லை, சேவலின் கழுத்து இறகு. தூண்டில் முள்ளில் நூலையும் இறகையும் சுற்றி, மீனை ஏமாற்றப் பொய்ப்பூச்சி கட்டுவாரே, அதற்கு. நம் பக்கத்து நாட்டுச் சேவல் இறகு மாதிரி வராதாம். இந்த வருடம் வருகிறேன் என்றாயே, வரும்போது எடுத்து வா. அக்டோபர் முதல் தேதி இங்கே ஆற்றில் மீன் பிடிக்க விடுவார்கள். அதற்கு முன்னால் வந்தால் ரொம்ப நல்லது.

பாவா உன்னைக் கேட்டதாகச் சொன்னார்.

உன் அக்கா,
கோமளவல்லி


திருத்தணி
மே 9, 2024

அக்காவுக்கு,

மணி வணக்கம். முழங்கால் மலைப்படி ஏறும்போது மட்டும் அழுகிறது, மற்றபடி சமர்த்து. காஞ்சனா உன் கடிதத்தை எனக்கு முன்னாலேயே படித்துவிட்டாள். மைசூர்பாகு விஷயத்தில் உன்மேல் கோபமாக இருக்கிறாள்.

சேவல் இறகுக்குத் திருவாலங்காட்டு பக்தவச்சலத்திடம் சொல்லிவிட்டேன். பத்து சேவல் வளர்க்கிறான். “இன்னா அண்ணே, மயில வுட்டுட்டுக் கோழிக்கு வந்துட்டீங்க?” என்று சிரிக்கிறான். மீன் பிடிக்க என்றதும் இன்னும் சிரித்தான். பிடித்த மீனை என் பாவா தண்ணீரிலேயே விட்டுவிடுவார் என்று சொன்னேன், அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். மணவூர் ஏரியில் மண்புழு மாட்டிக் கெண்டை பிடித்து வறுத்துத் தின்ற மனிதரை அந்த நாடு இப்படி ஆக்கிவிட்டதே!

எங்கள் கடையிலிருந்து எந்தக் கட்டு வெளியே போனாலும் மஞ்சள் நூலில் ஒரு மயில்கண், மயிலிறகின் நுனிக் கண், வைத்துத்தான் போகும், நீ பார்த்து வளர்ந்ததுதான். பாவா கட்டுக்கும் பச்சையும் நீலமும் பளிச்சென்று இருக்கிற கண் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். பதினைந்து வருடமாக உன் கடிதத்தின் அடியில் பாவா இரண்டு வரி எழுதுவார். “மச்சான், வியாபாரம் எப்படி, மயில் எப்படி?” என்று. இந்த முறை காணோம். என்மேல் என்ன கோபம்?

அன்புடன்,
மணி


ஆஷ்பர்ட்டன்
மே 30, 2024

தம்பிக்கு,

சுகமா? நாங்கள் இருக்கிறோம். காலையில் புல்வெளியெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது.

மயில்கண் வேண்டாம் மணி. விளையாட்டில்லை, கேள். மயிலிறகை நம் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. உதிர்ந்ததுதான் என்றாலும் விடமாட்டார்கள். முருகனே மயிலேறி வந்தாலும் மீனம்பாக்கத்தில் இறக்கி நிறுத்திவிடுவார்கள். எடுத்து வைத்த கண்ணைக் கடையிலேயே மாட்டி வை.

சேவல் இறகும் சுத்தமாக இருக்க வேண்டும். தோல், மண், எச்சம், பூச்சி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. நன்றாக அலசி உலர்த்து. இந்த ஊர் சுங்கத்தில் ஆப்பிள் பழத்துக்கே நாய் விட்டு மோப்பம் பிடிக்கிறார்கள்.

பாவாவுக்கு உன்மேல் என்ன கோபம்? விரலில் கொஞ்சம் வலி, அவ்வளவுதான். வேலையும் அதிகம்.

அன்புடன்,
அக்கா


திருத்தணி
ஜூன் 16, 2024

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வரவில்லை. எங்களுக்குச் சாப்பாடு இறங்கி ஒரு வாரம் ஆகிறது.

நான் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் பாவா தூங்குகிறார், இல்லை ஆலைக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகூட உங்கள் பால்பவுடர் ஆலையில் எலக்ட்ரீஷியன் இல்லாமல் விளக்கு எரியாதா? போன வாரம் நீ பேசிக்கொண்டிருந்தபோது உனக்குப் பின்னால் அலமாரிக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். ஒரு சாமானை எடுத்து வைக்கிற மாதிரி வைத்தார். காஞ்சனாவும் பார்த்தாள். “ஏங்க, அது கை தானே?” என்றாள். நான் போனை வைத்துவிட்டுக் கடை வாசலில் போய் நின்றுகொண்டேன்.

நான் உன் கூடப் பிறந்தவன். நீ அழுகிறாயா இல்லையா என்பது உன் எழுத்திலேயே தெரியும். மறைக்காமல் எழுது.

மணி


ஆஷ்பர்ட்டன்
ஜூலை 3, 2024

என் தம்பிக்கு,

மறைத்தது தப்புத்தான். திட்டிக்கொள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

மார்ச் மூன்றாம் தேதி குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். பேச்சு பத்து நாளில் திரும்பிவிட்டது, நடையும் வந்துவிட்டது. வலது கை வரவில்லை. இனி வந்தாலும் கொஞ்சம்தான் வரும் என்கிறார்கள். “திருத்தணிக்குச் சொன்னே, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்” என்று என் கையை இடது கையால் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார்.

கை போனதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. ஆலையில் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறோம் என்கிறார்கள். வருடம் முடிவதற்குள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அது இரண்டு மாதமாக மேசைமேல் கிடக்கிறது. பக்கத்திலேயே ஆற்றில் மீன் பிடிப்பதற்கான சீட்டும் கையெழுத்துக்காகக் கிடக்கிறது. இடது கையால் ஒரே ஒரு முறை எழுதிப் பார்த்தார். “ஒண்ணாங்கிளாஸ் புள்ள கிறுக்கின மாதிரி கீது. இத என் கையெழுத்துன்னு எங்கியும் போட மாட்டேன்” என்று பேனாவை வீசினார். அதற்கப்புறம் பேனாவையும் தொடவில்லை, பூச்சி கட்டும் பெட்டியையும் தொடவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் ஒருத்தி இந்த வீட்டில் இருப்பதே அவருக்கு மறந்துபோய்விட்ட மாதிரி இருக்கிறது.

நீ வா, மணி. உன்னைப் பார்த்தாலாவது ஏதாவது பேசுவார்.

அக்கா


திருத்தணி
ஆகஸ்ட் 4, 2024

அக்காவுக்கு,

உன் உடம்பையும் பார்த்துக்கொள். ஆடிக் கிருத்திகை நல்லபடியாக முடிந்தது. இந்த வருடம் கட்டிய ஒவ்வொரு காவடிக்கும் பாவா பெயரைச் சொல்லித்தான் முதல் முடிச்சுப் போட்டேன். விசா வந்துவிட்டது. செப்டம்பர் பதினேழு புறப்படுகிறேன், சிங்கப்பூர் வழியாக கிறைஸ்ட்சர்ச். காஞ்சனா கடையைப் பார்த்துக்கொள்வாள். என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வாள், அதுதான் எனக்குக் கவலை.

சேவல் இறகை காஞ்சனாவின் ஷாம்பூவில் மூன்று தடவை அலசி, நிழலில் காயவைத்து, நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டியாகிவிட்டது. செம்பு நிறம் ஒரு கட்டு, கருப்பு ஒரு கட்டு, வெள்ளையில் புள்ளி ஒரு கட்டு. அவள் இப்போது என் கண்ணெதிரிலேயே அந்த ஷாம்பூவைப் பூட்டி வைக்கிறாள். மயில்கண் வைக்கவில்லை. முருகன்மேல் ஆணை.

எனக்குப் பயமாகவும் இருக்கிறது அக்கா. அப்பா போன அன்று நாள் முழுக்க என் தோளைவிட்டு எடுக்காமல் இருந்தது பாவாவின் அந்த வலது கைதான். அதைப் பார்த்து நான் அழுதுவிட்டால் அவர் என்னை மன்னிக்க மாட்டார்.

மணி


ஆஷ்பர்ட்டன்
ஆகஸ்ட் 24, 2024

தம்பிக்கு,

இந்த ஒரு காகிதத்தை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வா. விமானத்தில் ஒரு படிவம் தருவார்கள். விலங்கு, பறவை, செடி, மண் எது கேட்டிருந்தாலும் ‘ஆம்’ என்று போடு. சொன்னால் பிரித்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால் அங்கேயே அபராதம். ஊறுகாய் கொண்டுவராதே என்றால் கேட்கமாட்டாய், அதையும் எழுதிவிடு.

நீ வருவதை அவரிடம் சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வந்ததும் நேரில் சொல்கிறேன். திரும்பிப் போய்விடாதே.

அக்கா


ஆஷ்பர்ட்டன்
செப்டம்பர் 23, 2024

என் காஞ்சனாவுக்கு,

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? நான் சௌக்கியம். ‘வந்து சேர்ந்தேன்’ என்று போனில் சொன்னதோடு சரி. அக்கா பக்கத்திலேயே இருப்பதால் மற்றதைப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். இதை உட்கார்ந்து படி.

மீனம்பாக்கத்தில் என் பையை ஸ்கேனில் பார்த்துவிட்டு ஓரமாகக் கூப்பிட்டார்கள். சுங்க அதிகாரி ஒருவர் வந்தார். நெற்றியில் திருநீறு, அரக்கோணம் பக்கம் போலிருக்கிறது.

“இன்னாங்க இது?”

“கோழி ரெக்கை சார்.”

அவர் செம்புக் கட்டைப் பிரித்தார். நடுவில், மஞ்சள் நூல் சுற்றிக்கொண்டு, அந்தப் பச்சை நீலக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“கோழிக்கு ரெக்கையில கண்ணு கீதா?” என்றார்.

முருகன்மேல் ஆணையிட்டு எழுதியவன் நான்! காவடிக் கடை என்றேன், கண் வைக்காமல் கட்டு போகாது என்றேன். அவருக்குப் புரிந்தது. அவர் வீட்டுக் காவடியும் நம் பக்கத்துக் கடையில் கட்டியதுதானாம். ஆனாலும், “சட்டம் எனக்கும் அதே, உங்களுக்கும் அதேங்க” என்று கண்ணைப் பிரித்து எடுத்துக்கொண்டு, ஒரு காகிதம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். அப்புறம் அந்தக் கண்ணை மேசைமேல் போட்டுவிடாமல் இரண்டு கையாலும் ஏந்தி வைத்தார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. காஞ்சனா, அந்தக் கண்ணை நீதானே வைத்தாய்?

கிறைஸ்ட்சர்ச்சில் அக்கா சொன்னபடி எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டேன். கையுறை போட்ட ஒரு பெண் கட்டுகளைப் பிரித்தாள். உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. திருநீறு! கூடவே இரண்டு வசம்புத் துண்டு, ஒரு கற்பூரக் கட்டி. அந்தப் பொடியை அவள் பார்த்த பார்வையில் நான் ஜெயிலுக்குப் போய்விட்டேன் என்றே நினைத்தேன். பொடியைச் சோதித்துப் பார்த்து அது ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் வேரோடும் பொடியோடும் கலந்த இறகை உள்ளே விட முடியாதாம். மூன்று கட்டும் போயிற்று. பையில் இருந்த மஞ்சள் நூல்கண்டை மட்டும் திருப்பிக் கொடுத்தாள். மறைக்காமல் எழுதியதால் அபராதம் இல்லை, நன்றி என்றாள். இருப்பதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு நன்றி சொல்கிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன். உன் ஆவக்காய் ஊறுகாயை மட்டும் விட்டுவிட்டார்கள்.

வெளியே அக்கா நின்றிருந்தாள். பாதி இளைத்துவிட்டாள். இறகு போனதைச் சொன்னதும் அவள் முகத்தில் வருத்தம் வரும் என்று பார்த்தேன், பெருமூச்சுத்தான் வந்தது. “அவரு கேக்கவே இல்ல மணி. நான்தான் கேட்டேன். எதயாவது கண்ணெதிர்ல வச்சா கை அது பக்கம் போவாதான்னு பாத்தேன்” என்றாள். கடிதத்தில் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான்.

பாவா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, “எதுக்குடா வந்தே? கை போனவன வேடிக்க பாக்கவா?” என்றார். “ரெக்க எடுத்துகினு வரேன்னியாமே. யார் கேட்டது உன்ன?”

“எடுத்துகினு வரல பாவா,” என்றேன். “எல்லாத்தயும் புடுங்கிக்கினாங்க.”

“யாரு?”

சொன்னேன். மீனம்பாக்கத்தில் ஆரம்பித்து முழுவதும் சொன்னேன். ‘கோழிக்கு ரெக்கையில கண்ணு கீதா’ என்ற இடத்தில் அவர் வாயில் இருந்த மோர் மூக்கில் ஏறிவிட்டது. திருநீறுக்கு வந்தபோது மேசையை இடது கையால் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்ச்சுக்கு அப்புறம் இந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லையாம்.

“முட்டாள், ரெக்கைய எப்பிடி வெக்கணும்னு காட்றேன் வா” என்று எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னப் பாக்கெட்டுகள். சேவல் கழுத்து இறகு, இந்த ஊர்க் கடையில் வாங்கியது, மேலே ‘இந்தியாவிலிருந்து’ என்று அச்சடித்திருக்கிறது! இன்னொன்றில் மயிலிறகின் இழைகள், எந்த நாட்டு மயிலோ. இரண்டு பேரும் மறுபடி சிரித்தோம்.

அப்புறம் மேசையில் மாட்டும் குட்டி இடுக்கியில் முள்ளை இறுக்கினார். அவர் இடது கையால் பிடித்துக்கொள்ள, நான் நம் மஞ்சள் நூலைச் சுற்றினேன். காவடிக்குச் சுற்றுகிற பழக்கத்தில் நூல் அதிகமாகிவிட்டது. “பூச்சியாடா இது? காவடி தூக்கிகினு மலையேறப் போவுது” என்றார்.

அது முந்தாநாள். நேற்றும் கட்டினோம். ஆனால் மேசைமேல் இருக்கிற இரண்டு காகிதமும் அப்படியேதான் கிடக்கின்றன. நான் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோனால் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறார். ஆறு திறக்க எட்டு நாள்தான் இருக்கிறது.

உன்,
மணி


திருத்தணி
அக்டோபர் 8, 2024

அன்புள்ள உங்களுக்கு,

காஞ்சனா எழுதுவது. சர்க்கரை குறைந்திருக்கிறது, நீங்கள் இல்லாததால் வீட்டில் இனிப்பு வாங்க ஆளில்லை. கடை நன்றாக ஓடுகிறது.

திருநீறும் வசம்பும் நான் வைத்ததுதான். பூச்சி அரிக்கக் கூடாது என்று வைத்தேன், பாவாவுக்கு நல்லது என்றும் வைத்தேன். அதற்கு நீங்கள் என்ன திட்டினாலும் சரி.

ஆனால் கண்ணை நான் வைக்கவில்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் கட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டினீர்களே, அப்போது சோளிங்கர்காரர் ஒருவர் காவடி வாடகைக்கு வந்து பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே கையை நீட்டிக் கண்ணை எடுத்தீர்கள், நூலைச் சுற்றினீர்கள், பல்லால் கடித்து அறுத்தீர்கள். தெரிந்துதான் செய்கிறீர்கள், என்னைவிட உங்களுக்கு முருகன்மேல் பக்தி அதிகம் என்று நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் கைக்கு நீங்கள் சொல்லவே வேண்டாம், அதுவாகச் செய்துவிடுகிறது. பாவாவிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நீங்களே பாருங்கள்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டாரா? அதை முதலில் எழுதுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

காஞ்சனா


ஆஷ்பர்ட்டன்
நவம்பர் 21, 2024

மச்சான்,

வியாபாரம் எப்படி, மயில் எப்படி?

நாகேந்திரன் எழுதுகிறேன். வரி மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. இதுவரை எழுத நான்கு நாள் ஆயிற்று. கோமளா எழுதித் தருகிறேன் என்றாள், விடவில்லை.

அக்டோபர் ஒன்றாம் தேதி நான் சீட்டில்லாமல் கரையில் நின்றேன், நீ ஒருநாள் சீட்டு வாங்கித் தூண்டிலை வீசி மரத்தைப் பிடித்தாய். அன்று உன்னைப் பார்த்துச் சிரித்தேனே தவிர, உள்ளே எரிந்தது. நீ ஊருக்குப் போகிற அன்று காஞ்சனாவின் கடிதத்தைப் படித்துக் காட்டினாய். உன் கை அதுவாகச் செய்துவிட்டது என்று எழுதியிருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது மச்சான், மறைக்க ஒன்றுமில்லை. பிறகு யோசித்தேன். உன் கைக்கும் யாரோ முதலில் சொல்லித்தானே கொடுத்திருப்பார்கள். என் இடது கைக்கு இதுவரை யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஐம்பத்தெட்டு வருடம் சும்மாவே இருந்திருக்கிறது.

நீ போன பிறகு தனியாக உட்கார்ந்தேன். நூலின் ஒரு முனை பல்லில், ஒரு முனை இடது கையில். பதினெட்டு பூச்சி அவிழ்ந்துபோனது. பத்தொன்பதாவது நின்றது. அதைத்தான் இதில் வைத்திருக்கிறேன். மயிலும் இல்லை, கோழியும் இல்லை, எந்த அதிகாரியும் பிடுங்க மாட்டார். வெறும் உன் மஞ்சள் நூல். அடியில் இருப்பது உன் காவடி முடிச்சு. அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவிழவில்லை. கடையில் மாட்டி வை.

மீதியைத் தபால் ஆபீஸின் ஓர மேசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன், உறையை இன்னும் ஒட்டவில்லை. கோமளா பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள், எதற்கென்று கேட்டால் தூசி என்கிறாள். வெளிநாட்டுக்குப் பொருள் போனால் சுங்கத்துக்கு ஒரு பச்சைச் சீட்டு ஒட்ட வேண்டுமாம். உள்ளே என்ன என்று கேட்டிருந்தது, எழுதினேன். அனுப்புகிறவர் கையெழுத்து என்றும் கேட்டிருந்தது. கோமளா பேனாவுக்குக் கையை நீட்டினாள். கவுண்ட்டரில் இருந்த பெண் தலையை ஆட்டி, அனுப்புகிறவரே போட வேண்டும் என்று சொல்லி என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் ஏழு பேர்.

வீட்டுக்குப் போய் அந்த இரண்டு காகிதத்தையும் முடிக்க வேண்டும். உன் முழங்காலைப் பார்த்துக்கொள். காஞ்சனாவுக்கு ஒரு மைசூர்பாகு வாங்கிக் கொடு, ஒன்றே ஒன்று.

உறையைப் பிரிக்கும்போது அந்தப் பச்சைச் சீட்டைக் கிழித்துவிடாதே. அதில் இருப்பது என் கையெழுத்து.

பாவா